தம்பிக்கு இன்றைக்கு எத்தனை

எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பில் போடுவேன், அதற்குமேல் ஒரு மண்ணும் தெரியாது. அப்படிப்பட்டவள் பல்லடத்து வாடகை வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனலைக் கட்டி, அந்த வெயிலிலேயே ஓடும் ஒரு வெப்சைட்டை உண்டாக்கினேன் என்றால், காரணம் என் தம்பி.

பேனல் அவன் வாங்கியது. வால்பாறை எஸ்டேட்டில் அம்மா இருக்கும் லைன் வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், அதற்காக. மாட்டுவதற்குள் கொரோனா அவனைக் கொண்டுபோய்விட்டது. கோவையில் ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. அம்மாவும் நானும் வெளியே மரத்தடியில் கிடந்தோம். உள்ளேயிருந்து நர்ஸ் போன் செய்து ஆக்சிஜன் அளவைச் சொல்லுவார். கடைசியில் முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றிக் கொண்டுபோய் எரித்தார்கள். ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி வைக்கிற அம்மா, பெற்ற மகனுக்கு அழவில்லை. "நான் பாக்கவே இல்லியே கண்ணு, எப்படி அழுவறது?" என்றாள். எனக்கும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, எல்லார் மேலும்.

பேனலை விற்க மனசு வரவில்லை. அவன் முகம் எங்காவது இருக்கட்டும், அம்மா நினைத்தபோது பார்க்கட்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு பேட்டரி, அவனுடைய பேனல். வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். கோடு எழுதும்போது ஒரு குறியை மூட மறந்து, பக்கம் முழுக்க எழுத்து பூதாகரமாக வந்து நின்றதெல்லாம் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், பேனல் எம்மாத்திரம்? தறிக்குடோனில் கயிறு வாங்கிவந்து தண்ணீர்த்தொட்டித் தூணோடு இறுக்கிக் கட்டினேன்.

எஸ்டேட்டில் சிக்னல் ஒரு கோடுதான். பக்கம் இலேசாக இருந்தால்தான் அம்மாவுக்குத் திறக்கும். அதனால் ஒரே ஒரு படம். அதையும் சுருக்கினேன். ஒவ்வொரு தடவை சுருக்கும்போதும் அவனிடமிருந்து ஏதாவது ஒன்று போனது. முதலில் சட்டையின் நிறம், பிறகு மீசை. கடைசியில் வெறும் கறுப்புப் புள்ளிகள். ஆனால் கண் மட்டும் போகவே இல்லை. அந்தப் புள்ளிகளுக்குள்ளிருந்து என்னையே பார்த்தது. பட்டப்பகலில், பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வெயிலில் ஓடும் பக்கங்களில் பேட்டரி எவ்வளவு மீதி என்று காட்டுவது வழக்கமாம். நானும் படத்துக்குக் கீழே அந்த எண்ணைப் போட்டேன்.

அம்மா தினமும் காலையில் கூப்பிடுவாள். "இன்னைக்குத் தொண்ணூத்தி அஞ்சு கண்ணு. நல்லா இருக்குது." அட, அம்மாவுக்கு பேட்டரியெல்லாம் புரிகிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

ஆடி பாதியில் மூடாப்புப் போட்டது. பல்லடத்தில் நாள் கணக்காகச் சூரியனே இல்லை. எண் இறங்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"அம்மணி, எழுபதுக்கு வந்துபோச்சு. அவனைக் குப்புறப் படுக்கச் சொல்லு!"

ஆஸ்பத்திரிக்காரர்கள் அன்றைக்கு எங்களிடம் சொன்ன வார்த்தை அது. குப்புறப் படுத்தால் மூச்சு ஏறும் என்று. இத்தனை நாளும் அம்மா படித்துச் சொன்னது பேட்டரியை அல்ல. பாவி, நானேதான் தம்பி முகத்துக்குக் கீழே அந்த எண்ணைத் தொங்கவிட்டிருக்கிறேன்!

மறுநாள் இன்னும் இறங்கியது. வீட்டுக் கரண்டிலேயே சொருகிவிடலாம் என்று சார்ஜரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஓடிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதேம்மா, இப்ப ஏத்திப்போடறேன்."

"வேண்டாம், உட்டுரு கண்ணு," என்றாள். குரலில் பதற்றமே இல்லை. "அன்னைக்கு நம்மளை உள்ள உடலை. இன்னைக்கு நான் பக்கத்துல இருக்கறேன். எறங்கட்டும்."

போனை வைக்கவில்லை. அவள் அடிக்கடி பக்கத்தைத் திறந்து எண்ணைச் சொன்னாள். நடுவில், "தண்ணி குடிக்கறயா சாமி?" என்று கேட்டாள். என்னை அல்ல. கையில் சார்ஜரோடு நான் அப்படியே நின்றேன். சாயங்காலம் பக்கம் திறக்கவில்லை.

"போயிட்டான்," என்றாள். பிறகு ஒப்பாரி எழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்வது போனில் கேட்டது.

மறுநாள் காலை சுள்ளென்று வெயில். பேட்டரியில் சார்ஜ் ஏறினால் போர்டு தானாக எழுந்துகொள்ளும்; அப்படித்தான் அமைத்திருந்தேன். என் போனில் திறந்து பார்த்தேன். தம்பி இருந்தான். கீழே எண் ஏறிக்கொண்டிருந்தது.

ஐயோ, அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பேனலைத் தொட்டால் உடம்புச்சூடு இருந்தது. விரிப்பால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.