அக்காவின் தூக்கத்தை நான் ஊகித்தபோது

அக்காவுக்குத் தூக்கம் சரியில்லை என்று என் போனில் ஒரு சாட்பாட்டைப் போட்டேன். நேற்று எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள் என்று தினமும் காலையில் கேட்கும்.

அந்நேரம் அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போயிருப்பாள். நானே குத்துமதிப்பாக நாலு என்று போட்டுவிடுவேன்.

சாட்பாட் அதை நம்பி, படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் நல்ல தூக்கம் வரும், இனி இரவு பன்னிரண்டு மணிக்கு முன் படுக்க வேண்டாம் என்றது. நான் சொல்ல, அக்கா ஒரு வாரமாக அப்படியே செய்தாள்.

இன்று நமுனுகுல மலையில் கொழுந்தெடுக்கும்போது தலைசுற்றி விழுந்து, கையில் கட்டோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். உண்மையைச் சொன்னேன்.

"நான் ஆறு மணித்தியாலம் தூங்குனேனே. அது என்னயத்தானே கேட்டுச்சு, நீ ஏன்டா பதில் சொன்ன?"

"நீ வேலைக்குப் போயிருந்தியேக்கா."

"சாயங்காலம் இங்கதானே இருந்தேன்."

இப்போது தூங்குகிறாள். நீங்கள் யாரைக் கேட்காமலே அவருக்காகப் பதில் சொல்கிறீர்கள்?