மாமாவுக்கு நான் நின்ற காவல்

என் மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போனால்கூட நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. வேண்டாத பயம்தான், எட்டு வயதிலேயே நான் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது தாராவியில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மாவின் பெரியப்பா கரும்புத் தோட்ட வேலைக்கென்று தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன், எனக்கு மாமா, முதல்முறையாக எங்களைப் பார்க்க வந்திருந்தார். டர்பனில் இந்தியர் கால்பந்து அணியில் முன்னால் நின்று கோல் போடுகிறவர். பத்திரிகையில் வந்த அவர் படத்தை அப்பா பட்டறை முழுக்கக் காட்டிவிட்டார். விளைவு, ஞாயிற்றுக்கிழமை விக்ரோலி ஆலைக்காரர்களோடு நடக்கும் பந்தயத்தில், மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த பட்டறை அணிக்கு மாமா ஆட வேண்டும். "எங்க மாமா கோல் போடுவாங்க" என்று நானும் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

மைதானத்தில் எதிரணி கோல்கீப்பரைப் பார்த்ததும் மாமா நின்றுவிட்டார். ஆலையின் வெள்ளைக்கார இன்ஜினியர், அரைக்கால் சட்டையோடு குதித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அவரும் நம்மகூடவா ஆடுறாரு? போலீஸ் வராதா?"

"பந்து வெளயாட போலீஸ் எதுக்கு மாப்ளே?" என்றார் அப்பா.

"கோல் போட்டா களவு கேஸா எழுதப்போறான்?" என்று பட்டறைக்காரர் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. மாமா அந்த ஊரில் ஏதோ செய்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்! யாரிடமும் சொல்லாமல் ரோட்டோரம் போய், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். காக்கி தெரிந்தால் கத்திவிடுவதாக உத்தேசம். தெரிந்தது. வாய் திறப்பதற்குள் பஸ் கண்டக்டராகிக் கடந்துபோனது.

பின்னால் ஒரே ஆரவாரம். திரும்பினால், வெள்ளைக்காரர் மாமாவை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அகப்பட்டுக்கொண்டாரே! அலறிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வெள்ளைக்காரரின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"ஏட்டி, விடுட்டி! உங்க மாமா கோல் போட்டுட்டான், அவரு பாராட்டுதாரு!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளைக்காரர் என்னை அலாக்காகத் தூக்கி மாமாவிடம் கொடுத்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் ஆட்டம் மறுபடி தொடங்கவே நேரமாயிற்று.

அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். மறுநாள் வகுப்பில், பார்க்காத கோலை நான்கு விதமாக வர்ணித்தேன்.

ஆட்டம் முடிந்து மாமாவின் தோளில் உட்கார்ந்து வீடு திரும்பும்போது அவர் காதில் சொன்னேன்: "போலீஸ் யாரும் வரல மாமா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"யாருமே வரலியா?"

"யாருமே வரல."

தெருமுனையில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, அதையே மீண்டும் கேட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எத்தனை கோல் போட்டாலும் அவர் ஊரில் அப்போது வெள்ளையரோடு சேர்ந்து ஆட விடமாட்டார்கள், மீறினால் போலீஸ் வரும் என்று கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தேன். அன்றைக்கோ, போலீஸ் வராததற்கு என் காவல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, அவர் கேட்கும்போதெல்லாம் பெருமையாகப் பதில் சொன்னேன்.