ஃபிலிம் ஓரத்துக் குறி

என் அண்ணன் சித்தன் ஏற்காடு சினிமாக் கொட்டகையில் பதினாறு வருடம் படம் ஓட்டினான். ஒருமுறை அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ரீல் தீர்ந்து திரை வெள்ளையாகக் கிடந்தது. அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கியதும் முதலாளி ஆபரேட்டர் அறையை வெளியே தாழ் போட்டுவிடுவார்.

எழுபத்தெட்டில், ஒரு பகல் ஆட்டத்துக்குப் பழைய பக்திப் படம் வந்தது. அண்ணன் ஃபிலிமின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சின்ன வட்டம், பக்கத்தில் முக்கோணம். ஃபிலிம் தயாரான வருடத்தைச் சொல்லும் அந்தக் குறி இருபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். நாற்பத்துமூன்றாக இருக்கலாம், அறுபத்துமூன்றாகவும் இருக்கலாம். அறுபத்துமூன்று என்றால் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இருக்கும். அது இல்லை. பற்றினால் தண்ணீருக்கும் அணையாத பழைய ஃபிலிம்.

“ஏனுங்க மொதலாளி, இன்னிக்கு மட்டும் தாழ் போடாதீங்க. பத்திக்கிச்சுன்னா உள்ளயே வெந்துருவனுங்க.”

“தொறந்து உட்டா டீக்கடைக்கு ஓடுவ. இஷ்டமில்லீன்னா சொல்லு, வெள்ளக்கடை ஊருல நாலு பேரு காத்திருக்கறான்.”

சேலத்தில் நான் பி.ஏ. படித்தது அண்ணன் சம்பளத்தில். அவன் உள்ளே போனான். முதலாளி தாழ் போட்டுவிட்டு இறங்கியதும், லீவில் அண்ணனோடு வந்திருந்த நான் படியேறி அதை நீக்கி, வாசலிலேயே உட்கார்ந்தேன்.

“காவேரியா? ஊட்டுக்குப் போ கண்ணு. பத்துனா உன்னையுஞ் சேத்துப் பத்தும்.”

“நீ படத்த ஓட்டு.”

படம் பற்றாமல் முடிந்தது. மறுநாள் நான் சேலம் பஸ் ஏறினேன். அண்ணன் கதவுக்கு மறுபடி தாழ் விழுந்தது. இன்னும் ஒன்பது வருடம் அந்த அறையில் புரொஜக்டரின் கார்பன் விளக்குப் புகையைக் குடித்தான். போன மாதம் நுரையீரல் கெட்டு இறந்துபோனான். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் என்னால் அந்தக் கதவைத் திறந்துவைக்க முடிந்தது.