பேர் சொல்லிக் கூப்பிட்டேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஸ்டாஃப் ரூமில் என்னை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அதில் அட்ரினலின் பற்றி ஒரு பகுதி வரும், அவசர கால ஹார்மோன் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் வந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றுகொள்கிறேன். நீங்கள் நம்பவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில். என் கணவர் ரகுவுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "என்னங்க"தான். "ஒரு தடவை சொல்லித்தான் பாரேன், நாக்கு சுட்டுடாது" என்று கிண்டல் செய்வார். ஒரே பெண், நிலா. அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சனிக்கிழமை. காலையில் ஒரு பழைய பச்சை டி-ஷர்ட்டோடு போய் அவளைப் பெருங்களத்தூரில் கீபோர்டு கிளாஸில் விட்டுவிட்டு வந்தார். இட்லி சாப்பிட்டார், பேப்பர் பார்த்தார். திரும்ப அழைத்துவரக் கிளம்பும்போது, அப்படியே வண்டலூரில் ஒரு நண்பரைப் பார்க்கணும் என்று நீலக் கட்டம் போட்ட சட்டைக்கு மாறினார். பட்டன் போட்டுக்கொண்டே "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். நான் சொம்போடு வருவதற்குள் தரையில் கிடந்தார்.

மூச்சு இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரில் போட்டேன், அவர்கள் சொல்லச் சொல்ல மேல்வீட்டு பாலாஜிதான் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார், வியர்வையில் பாலாஜியின் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஒரு சின்னப் பெண்ணும் டிரைவரும் வந்தார்கள். அவள் கத்திரிக்கோலை எடுத்து அந்த நீலச் சட்டையைக் கழுத்திலிருந்து நேராக வெட்டினாள். மிஷினில் கோடு அசையாமல் ஓடியது.

"ஷாக் குடுக்கற மாதிரி இல்லக்கா, மருந்துதான்" என்றபடி இடது கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றினாள்.

"என்ன மருந்தும்மா?"

"அட்ரினலின்க்கா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வகுப்பறைதான் ஞாபகம் வந்தது, நம்பினால் நம்புங்கள். டிரைவர் அழுத்தினார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஊசி போட்டாள், கோடு அப்படியேதான் இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, காதுகிட்ட போய்ப் பேர் சொல்லிக் கூப்புடுங்க" என்றாள். நான் சும்மா நின்று அழக்கூடாது என்பதற்காகச் சொன்னாளோ என்னவோ. நான் மண்டி போட்டுக் குனிந்து, "ரகு, வாங்க ரகு, வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் மறுபடி ஊசி போட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "பல்ஸ் வந்துடுச்சுக்கா" என்று அவள் சொன்னபோது அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வழி வுடு சார், உள்ள உசுரு கீது" என்று கத்திக்கொண்டே தாம்பரம் வரை போனார். ஆஸ்பத்திரி வாசலில்தான் நிலாவின் நினைவே எனக்கு வந்தது. சேலையூரில் இருக்கும் அவர் அக்காவுக்குப் போன் செய்தேன், அவர்கள் போய் அழைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் என்னை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். "அந்த மருந்து இதயத்தை ஓட வெச்சிருச்சும்மா. ஆனா ரத்தம் போகாம இருந்த நேரத்துல மூளை ரொம்ப அடி வாங்கிடுச்சு. அதை இந்த மருந்து திருப்பித் தராது." என் கணவரின் கை சூடாக இருந்தது. கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் மதியம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது நிலா கேட்டாள். "அன்னிக்கு அப்பா சட்டை ஏம்மா அப்படிக் கிழிஞ்சிருந்துச்சு?"

"என்னிக்குடி?"

"கிளாஸ் முடிஞ்சப்ப கேட் வெளிய நின்னாரே. வண்டி இல்ல. ப்ளூ செக்டு சட்டை, நடுவுல நேரா கிழிஞ்சு தொங்குச்சு. ஏம்ப்பான்னு கேட்டேன். அப்புறம் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. 'உங்கம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்புடறா பாப்பா, நான் போறேன், நீ இங்கயே நில்லு'ன்னாரு."

பின்னலை விட்டுவிட்டேன். அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது பச்சை டி-ஷர்ட்டில். வெட்டின சட்டையை ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், அதை நான் யாருக்கும் காட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதையும் யாரிடமும் சொல்லவில்லை. கீபோர்டு மாஸ்டருக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமாம் மேடம், சார் வந்து நின்னாரே, மாடிலேருந்து பாத்தேன். அதனாலதான் பொண்ணைத் தனியா கீழ அனுப்பினேன்" என்றார்.

குழந்தை எதையோ கற்பனை பண்ணிவிட்டாள், மாஸ்டர் வேறு யாரையோ பார்த்திருப்பார் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதைவிட இன்னொன்று என்னைத் தூங்கவிடாது. அவர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவரோ, மகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போக வந்தவரோ, அந்த மருந்தும் நானும் சேர்ந்து இழுத்துவந்து மூன்று நாள் அந்தக் கட்டிலில் போட்டுவைத்தோமோ. அந்த ஆம்புலன்ஸ் பெண் மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. இன்னொரு முறை கேட்டாலும் போடும்மா என்றுதான் சொல்வேன்.

போன மாதம், ஒரு வருஷம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலா தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா இன்னொரு தடவையும் வந்தாரும்மா. செத்துப்போன அன்னிக்கு மத்தியானம், அத்தை வீட்டு வாசல்ல. 'அப்பா'ன்னு ஓடினேன். 'நீ யார் வீட்டுப் பொண்ணும்மா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என் பேரைச் சொன்னேன். அவருக்குத் தெரியல. ஊரப்பாக்கத்துக்கு எப்படிப் போகணும்னு கேட்டாரு. சொன்னேன்."

அந்த வயதில் அவளுக்குச் சேலையூரிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாது. எந்தப் பக்கம் கையைக் காட்டினாள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.