இடது கையைத் தூக்கிய வகுப்பு

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் என் அன்பு. சபையில் நான் சாட்சி சொல்ல எழுந்தாலே பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சுருக்கமா சிஸ்டர்" என்பார். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

2002 ஆகஸ்ட் மாதம் என் குரல் போய்விட்டது. திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் அப்போது நான் பதினெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே எண்ணூர் போகிற ரோடு. துறைமுகத்துக்குள் நுழைய முடியாத கன்டெய்னர் லாரிகள் எல்லாம் அங்கேதான் வரிசை கட்டி நிற்கும். ஒருவன் ஹாரன் அடித்தால் பின்னால் இருக்கிற இருபது பேரும் அடிப்பார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மேஜையெல்லாம் தூசு. அந்தச் சத்தத்துக்கு மேலே என் சத்தம் கேட்க வேண்டும். என்ன செய்வேன்? கத்தினேன். பதினெட்டு வருஷம் கத்தினேன்.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். a-யையும் b-யையும் கூட்டி வர்க்கம் எடுத்தால் a வர்க்கம் வரும், b வர்க்கம் வரும், நடுவில் 2ab வரும். அந்த 2ab-ஐ மட்டும் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். எந்த வருஷத்துப் பிள்ளையானாலும் விட்டுவிடும். "2ab! 2ab எங்கே? யார் தின்னா?" என்று கத்தினேன். மூன்றாவது தடவை கத்தியபோது வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. பிள்ளைகள் நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று சிரித்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கும்மா. எட்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது. நடுவுல ஒரே ஒரு தடவை கத்தினீங்கன்னாலும் ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் பழைய குரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அழுது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பாட வராது, தைக்க வராது. பிள்ளைகள் முன்னால் நின்று பேச மட்டும்தான் வரும். அதுவும் போய்விட்டால் நான் யார்? என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் கம்பெனி வேலை. சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டவர், "இன்னிக்கிதாம்மா இந்த வூட்ல ரேடியோ பாடுறதே காதுல வுழுது" என்றார். முறைத்தேன். முறைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே.

அன்றைக்கு முழங்காலில் நின்று, வாயைத் திறக்காமல் மனதுக்குள்ளேயே ஜெபித்தேன். "ஆண்டவரே, என் குரலை எனக்குத் திருப்பித் தாரும். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்."

மறுநாள் தலைமையாசிரியையிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க லீவு போட்டா அந்த வகுப்பை யார் பாக்குறது டீச்சர்? திங்கக்கிழமை பி.எட். காலேஜ்லேருந்து பயிற்சி டீச்சர் ஒண்ணு வருது. நாப்பது நாள் இருக்கும். நீங்க பின்னால உக்காந்து அதுக்கு வழி காட்டுங்க. அது பாடம் நடத்தட்டும்."

வாரத்துக்கு ஐந்து பள்ளி நாள். எட்டு வாரம். ஐயெட்டு நாற்பது. கணக்கு டீச்சர் எனக்கு அது உறைக்கவே இல்லை. கோபத்தில் இருப்பவளுக்கு வாய்ப்பாடும் மறந்துபோகும்.

அந்தப் பயிற்சி டீச்சர் பெயர் வேணி, வியாசர்பாடிப் பெண். முதல் நாளே இருபது நிமிஷம் தாமதம். "சாரி மிஸ். லாரி ஒண்ணு குறுக்கால நின்னுகிச்சு." இரண்டாம் நாளும் லாரி. மூன்றாம் நாள் லாரி இல்லை, பஸ்ஸே வரவில்லையாம். குரலோ கொசுவின் குரல். கரும்பலகையில் இடப்பக்கம் கீழே தொடங்கும் எழுத்து வலப்பக்கம் போகப்போக மேலே ஏறி ஓரத்தில் முட்டி நிற்கும். புடவை பழக்கமில்லை. பெஞ்சு ஆணியில் முந்தானை மாட்டாத நாள் இல்லை. எடுத்ததற்கெல்லாம் "சாரி மிஸ்". ஐயோ என் பிதாவே!

நான் கடைசி பெஞ்சில் மடியில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திட்டுவதையெல்லாம் அதில்தான் எழுதிக் காட்ட வேண்டும். திட்டை எழுதிப் பாருங்கள், பாதியிலேயே சப்பென்று போய்விடும். எழுதி முடித்துத் தூக்கிக் காட்டுவதற்குள் அவள் அடுத்த தப்புக்குப் போயிருப்பாள்.

"வகுப்பில் நல்ல தமிழ் பேசு" என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "சாரி மிஸ்" என்றாள். அடுத்த நொடி முன் பெஞ்சுக்குக் குனிந்து, "இன்னா கோமதி, எங்க மாட்டிகினு கீற? காட்டு" என்றாள். கோமதி நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். என்னிடம் ஒரு வருஷமாக வாயே திறக்காத பெண். இவளிடம் வளவளவென்று பேசினாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

நான் ஒரு வகுப்பில் முடிக்கும் பாடத்தை அவள் நான்கு நாள் இழுத்தாள். "வேகம்!" என்று எழுதினேன். அடிக்கோடு போட்டேன். இரண்டாவது கோட்டில் பல்பம் உடைந்தது. தினமும் ஜெபத்தில் சண்டை போட்டேன். "ஆண்டவரே, நான் குரலைக் கேட்டேன். நீர் வேணியை அனுப்பியிருக்கிறீர். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. சரியாகக் காதில் விழவில்லையா?" கர்த்தரிடம் இப்படிப் பேசலாமா என்று யாரும் கேட்காதீர்கள். என் நிலைமை அப்படி.

பயிற்சியின் கடைசி வாரத்தில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பயிற்சி டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அதில் தோற்றால் வேணிக்கு அந்த வருஷம் பட்டம் இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் வகுப்புக்குள் நுழைந்தால் மூக்கைப் பிடிக்கிற மீன் நாற்றம். கோமதி தன் அப்பா படகிலிருந்து உடைந்த ஐஸ் பெட்டியின் தெர்மக்கோலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வேணி தரையில் உட்கார்ந்து அதைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வெளியே எறி" என்று எழுதிக் காட்டினேன்.

"நாளைக்கு வேணும் மிஸ். சோப்பு போட்டுக் கழுவிடறேன்" என்றாள். கழுவினாள். அதன் பிறகு சோப்பு வாசனையும் வந்தது, மீன் வாசனையும் அப்படியே இருந்தது.

இங்கே நான் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும். என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்தால், கேள்வி கேட்டவுடன் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நான் வலது கைகளை மட்டும் எழுப்பிக் கேட்பேன். வந்த அதிகாரி, "அடடா, எல்லாப் பிள்ளைகளும் கெட்டி" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போவார். எத்தனையோ டீச்சர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து எடுத்துவிட்டு, திங்கட்கிழமை இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொய் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

வேணி தோற்றுவிடக் கூடாதே என்று அன்று சாயங்காலம் இந்த வித்தையைச் சிலேட்டு சிலேட்டாக எழுதிக் காட்டினேன். கடைசியில், "வலது கையை மட்டும் கேள்" என்று பெரிதாக எழுதினேன். அவள் அதைப் படித்தாள். சாரி சொல்லவில்லை. "சரி மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தேர்வாளர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். வேணி கரும்பலகையில் அதே கணக்கை எழுதினாள். a-யையும் b-யையும் கூட்டி வர்க்கம். "இதோட விரிவு யாருக்குத் தெரியும்?"

நாற்பத்தெட்டுக் கைகளும் மேலே போயின. என் பிள்ளைகள் மறக்கவில்லை. நான் பின்னாலிருந்து எண்ணினேன். வலது கை பதினான்கு. மற்றதெல்லாம் இடது. வேணி மெதுவாக ஒரு சுற்று பார்த்தாள். பிறகு, "கோமதி, நீ சொல்லு" என்றாள்.

கோமதி தூக்கியிருந்தது இடது கை!

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடிப் பாவி, எழுதி எழுதிக் காட்டினேனே! எழுந்தேவிட்டேன். "வேணி!" என்ற சத்தம் தொண்டைக்கு வந்துவிட்டது. ஒரு தடவை கத்தினாலும் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது. அந்தக் கணத்தில் ஒரே ஒரு ஜெபம்தான் செய்ய முடிந்தது. "ஆண்டவரே, என் வாயைக் கட்டும்."

வெளியே ஒரு கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான் பாருங்கள்! பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நிமிஷம் முழுக்க ஓயவில்லை. நான் கத்தியிருந்தாலும் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. கத்தி என்ன பிரயோஜனம் என்று வாயை மூடிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் நான் சபித்த அந்த ஹாரனை அன்றைக்கு ஆண்டவர் எனக்காக அடிக்க வைத்தார். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ஹாரன் ஓய்ந்ததும் கோமதி, "தெரியாது மிஸ். அதான் இந்தக் கை" என்றாள்.

தேர்வாளர் நிமிர்ந்தார். "அதென்னம்மா இந்தக் கை?"

"பெரிய மிஸ் சொல்லிக் குட்த்தது சார். தெரிஞ்சா சோத்துக்கை, தெரியாங்காட்டி பீச்சாங்கை."

வகுப்பே சிரித்தது. எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய் உட்காரலாம் போல இருந்தது. வேணி மட்டும் சிரிக்கவில்லை. "ஆமா சார்" என்றாள். அந்தக் கொசுக் குரல் அன்றைக்குக் கொஞ்சமும் நடுங்கவில்லை. "பீச்சாங்கை முப்பத்திநாலு கீது. இன்னிக்கிப் பாடம் அதுங்களுக்குத்தான். தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு சார்?"

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து தெர்மக்கோல் துண்டுகளை எடுத்தாள். பக்கம் a உள்ள பெரிய சதுரம் ஒன்று, பக்கம் b உள்ள சின்னச் சதுரம் ஒன்று. இரண்டையும் மூலைக்கு மூலை தொடும்படி தரையில் வைத்தாள். "இப்ப இது முழுச் சதுரமா ஆச்சா கோமதி?"

கோமதி குனிந்து பார்த்தாள். "இல்ல மிஸ். ரெண்டு எடம் காலியா கீது."

"அதுக்கு இன்னா வைக்கலாம்?"

மீதி இருந்தவை இரண்டு நீளத் துண்டுகள். ஒரே அளவு. கோமதியே எடுத்து அந்த இரண்டு காலி இடத்திலும் வைத்தாள். பொருந்தியது. ஒரு பக்கம் a நீளம், மறு பக்கம் b நீளம், அப்படி இரண்டு துண்டு. கோமதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மிஸ்! இதான் அந்த 2ab-யா? இத்தத்தான் நாங்க வுட்டுட்டு வுட்டுட்டுப் போனோமா?"

நான் தொண்டை கிழியக் கத்திய 2ab, மீன் நாற்றம் அடிக்கிற இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. பாட முடிவில் வேணி மறுபடி கேட்டாள். இடது கை ஐந்துதான். "இந்த அஞ்சு பேருக்கு நாளைக்கி" என்றாள்.

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "வழிகாட்டி ஆசிரியர் நீங்கதானே?" சிலேட்டில் எழுதினேன். "ஆமாம். கை வித்தை என்னுடையது. அவளை ஒன்றும் செய்யாதீர்கள்." படித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "நானும் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவன்தான் மேடம். எனக்குத் தெரியாததா" என்றார். வேணிக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் போனார்.

கடைசி நாள் வேணி கையெழுத்துக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். "நான் சொன்னதை ஏன் கேட்கவில்லை?" என்று எழுதிக் காட்டினேன். அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நானும் எங்க ஸ்கூல்ல பீச்சாங்கைதான் மிஸ். நாலு வருசம் தூக்கினேன். ஒரு டீச்சர்கூட என்னைக் கூப்புடல. சாரி மிஸ்."

அந்த சாரியை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சத்தம் வராமல்தான்.

எட்டு வாரம் முடிந்து டாக்டரிடம் போனேன். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். "முடிச்சு கரைஞ்சிடுச்சும்மா. பேசுங்க" என்றார். "ஸ்தோத்திரம்" என்றேன். கரகரவென்று, ஆனால் என் குரல். அப்போதுதான் ஐயெட்டு நாற்பது என்று உறைத்தது. என் தொண்டைக்கு எத்தனை நாள் ஓய்வு வேண்டுமோ, அத்தனை பள்ளி நாளுக்கு ஆண்டவர் ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார். நான் அந்த ஆளைச் சிலேட்டும் பல்பமுமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் நம் சபைப் பிள்ளைகூட அல்ல. கர்த்தர் என்னைக் கேட்டா ஆள் அனுப்புகிறார்?

அடுத்த நாள் வகுப்பில் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "தெரியாதவங்க கை தூக்குங்க. எந்தக் கையா இருந்தாலும் சரி." அதற்குப் பிறகு நான் கத்துவதில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அவன் முடிக்கும்வரை நிற்கிறேன். கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. அதற்கு இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஜெபக்கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் எப்படிக் கை தூக்குகிறீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் சண்டை, பிள்ளை சொல் பேச்சு கேட்பதில்லை, தூக்கம் வருவதில்லை. பாஸ்டர் கேட்டால் மட்டும் "எல்லாம் நல்லா இருக்கு பாஸ்டர்" என்று ஒரே வலது கை. யாரை ஏமாற்றுகிறீர்கள்? ஆண்டவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியா, பார்த்துவிட்டு நோட்டில் எழுதிவிட்டுப் போக? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று இடது கையைத் தூக்குங்கள். அவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.