கோடு விழும்வரை

அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளே சேர்ந்த காற்றைப் புஸ்ஸென்று வெளியே விடுகிறார் சந்தனராஜ். மறுபடி குலுக்கல். பிறகு அதைத் தாங்கியில் மாட்டிவிட்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாரானால், கலங்கல் தெளிந்து இரண்டு திரவத்துக்கும் நடுவே கோடு விழும்வரை பிரின்ஸிபால் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். "கோடு விழட்டுங்க, வாரேன்" என்பார்.

ஆவூர்க்காரர். புதுக்கோட்டைக் கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். கடற்கரை மணலைக் கரைத்து அதிலுள்ள அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கிற ஆராய்ச்சியே கதி என்று கிடக்கிறார். குடுவையின் அடியில் அமிலத் தண்ணீர். மேலே மண்ணெண்ணெயில் கலந்த கரைப்பான். உலோகம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஏறத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சுமை தாங்காமல் எண்ணெய் இரண்டாகப் பிரிந்து, நடுவில் மூன்றாவதாக ஒரு படலம் வந்து உட்கார்ந்துகொண்டு மனிதரின் உயிரை வாங்கும். அதற்கு மருந்து ஆக்டனால் என்கிற ஆல்கஹால். கொஞ்சம் விட்டால் படலம் எண்ணெயோடு கலந்துவிடும். கூடிப்போனால் உலோகம் மேலே ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

ஆக்டனால் குடிக்கிற சரக்கு அல்ல. ஆனால் அதன் நெடி சட்டையை விட்டு லேசில் போகாது. மதுவிலக்குக் காலம் இது. குடித்தே செத்த ஒருவரின் மகளைக் கட்டிய சந்தனராஜ், "என்னங்க வாசம்?" என்று கேட்ட மனைவியிடம், "ஆல்கஹால்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்குக் கோடு சரியாக விழாத கவலை அவருக்கு.

போன வெள்ளிக்கிழமை மனைவி அருளம்மாள் கையில் பெட்டியோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறந்த வீட்டுக்குப் போக ஆவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"எங்காத்தா பட்டது போதுங்க. நானும் பட முடியாது."

அவர் குடுவையைக் காட்டினார்.

"நடுவுல நிக்குது பாரு, அருளு. இதுக்குத்தான் அந்த ஆல்கஹால். கொஞ்சம் ஊத்துனா சரியாப் போயிரும். கூட ஊத்துனாத்தான் காரியத்தக் கெடுத்துரும்."

"எங்கப்பாவும் இதையேதாங்க சொன்னாரு."

அவர் ஆக்டனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, மாட்டினார். அவள் புட்டியை எடுத்து முகர்ந்தாள். அவருடைய சட்டைக் கையை முகர்ந்தாள். அதே நெடி. குடுவையின் வாயருகே குனிந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"மண்ணெண்ணெயிலயா ஊத்துறீங்க?"

"ஆமா."

"இத வீட்டுல சொன்னா என்னவாம்?"

கொடுக்க வந்த சாவியைத் திரும்ப முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

குடுவை இன்னும் கலங்கிக் கிடந்தது. கோடு விழவில்லை. சந்தனராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.