மணல் இல்லாத வயலுக்கு மானியம்

போன மாதம் மரக்காணம் போயிருந்தேன். வேளாண்மைத் துறையில் இருக்கும் என் நண்பர் சண்முகம், "சும்மாதானே இருக்கே... வா, வயல் பார்த்துட்டு வரலாம்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

வயல் பார்ப்பது என்றால், மணல் பார்ப்பது. புயல் மழையில் ஓடைக்கரை உடைந்து, கீழ்புத்துப்பட்டுப் பக்கம் பல வயல்களில் முழங்கால் உயரத்துக்கு மணல். அதை அள்ளி நிலத்தை மீட்க அரசாங்கம் அவசர மானியம் தருகிறது. ஆனால், அதிகாரி மணலை நேரில் பார்க்க வேண்டும். ரூல் அப்படி.

முதல் வயல்காரர் வரப்பிலேயே காத்திருந்தார். "நீங்க வர்ற வரைக்கும் ஒரு கூடைகூட அள்ளல சார்." அவ்வளவு பத்திரமாக மணலைக் காப்பாற்றி வைத்திருந்தார். சண்முகம் அளந்தார், எழுதினார், முடிந்தது.

அடுத்தது பாத்திமுத்துவின் வயல். கணவர் துபாயில், ஒன்றரை ஏக்கரையும் இவர்தான் பார்க்கிறார். போனால்... மணலே இல்லை. உழுது, வேர்க்கடலை (அந்தப் பக்கத்தில் மல்லாட்டை) விதைத்து, முளையும் விட்டிருந்தது.

"ஏம்மா, மணல் எங்கே?"

"அள்ளிட்டோம் சார். நானும் நாத்தனாரும்தான். ஓடையோரம் ஒரு மூலையிலதான் விழுந்துச்சு, அள்ளி முடிக்கப் பதினஞ்சு நாளு ஆச்சு."

"நான் வர்றதுக்குள்ள ஏம்மா அள்ளினீங்க? சேதம் இல்லைன்னுதானே இப்ப எழுதணும்?"

"மல்லாட்டை போடற பட்டம் போயிட்டா திரும்ப வருமா சார்? உங்க ஜீப்பு என்னைக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?"

சண்முகம் பேனாவைத் திறந்தார், மூடினார். ஜீப்பில் கூட வந்திருந்த ஆபீஸ் உதவியாளர் மெதுவாக, "மணல் இருக்குதுன்னே எழுதிடுங்க சார். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

பாத்திமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேணாங்க. பொய் எழுதி எனக்கு ஒண்ணும் வேணாம். மணல் எங்கயும் போயிடல சார். நகர்ந்திருக்குது, அவ்வளவுதான். வந்து பாருங்க."

வேலியோரம் ஆள் உயரத்துக்கு மணல் மேடு. இரண்டு பெண்கள், கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டியது.

சண்முகம் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார். டேப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தார். நீளம், அகலம், உயரம்... படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் ஏது? ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினார். சாட்சிக் கையெழுத்து யார் போட்டது தெரியுமா? எங்கள் பின்னாலேயே வந்திருந்த முதல் வயல்காரர்.

போன வாரம் சண்முகத்திடமிருந்து இன்லண்ட் லெட்டர். மேலதிகாரி ஃபைலைத் திருப்பி அனுப்பினாராம். இவர் விடவில்லை. "நீங்களே வந்து ஏறிப் பாருங்க சார்" என்று போய் நின்றிருக்கிறார். அவரும் வந்தாராம், ஏறியும் பார்த்தாராம். மானியம் சாங்ஷன் ஆகிவிட்டது. அதற்குள் செடியெல்லாம் பூத்துவிட்டதாம்.

அரசாங்க ஆபீஸ் பற்றி நான் இந்தப் பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறேன் — மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரூலை வளைக்காமல், பொய் சொல்லாமல், மணல் மேட்டில் ஏறி நின்று நியாயம் தேடிய ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

காத்திருந்தவருக்கு மானியம் கிடைப்பது வழக்கம். காத்திருக்காதவருக்கும் கிடைத்தது பாருங்கள்... அதுதான் செய்தி.